‘திருடன்’ என்று அழைத்தால் திருடனாகிவிடுவானா?

சிறார் குற்றங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே கேள்விகளில் அடங்கிவிடுகின்றன. ஒருவனுக்கு நாம் சூட்டும் பெயர் அவனை எவ்வளவு தூரம் மாற்றும்? அவன் யாரைப் பார்த்து வளர்கிறான் என்பது எவ்வளவு தூரம் மாற்றும்? பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன. எனக்கோ இவை ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலுமாகத் தோன்றுகின்றன. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதைக் கடிதங்களின் வழியாகவே சொல்கிறேன். எழுதியவர்கள் கேட்காவிட்டாலும் அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. என் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு சக மாணவியின் பையிலிருந்து பணம் எடுத்துப் பிடிபட்டான். அதன் பிறகு வகுப்பில் எது காணாமற்போனாலும் எல்லோரும் அவனையே திரும்பிப் பார்க்கிறார்கள். முதலில் அழுதான், இப்போது சிரிக்கிறான். ‘திருடன்’ என்று சொல்லிச் சொல்லியே ஒருவனைத் திருடனாக்கிவிட முடியுமா?

பதில்: ‘முதலில் அழுதான், இப்போது சிரிக்கிறான்’ என்ற இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். குற்றவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஒரு மாற்றத்தை நீங்கள் நான்கே சொற்களில் எழுதிவிட்டீர்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் இதை இரண்டு நிலைகளாகப் பிரித்தார். ஆசை, துணிச்சல், தேவை, வேடிக்கை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒருவன் விதியை மீறுவது முதல்நிலைப் பிறழ்வு. அதற்காக மற்றவர்கள் அவனை நடத்தும் விதத்துக்கு ஈடுகொடுப்பதற்காகவும், அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்காகவும், அவர்கள் சூட்டிய பெயரையே தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டு அவன் மேலும் மேலும் மீறத் தொடங்குவது இரண்டாம்நிலைப் பிறழ்வு. அழுதபோது உங்கள் மாணவன் முதல் நிலையில் இருந்தான். சிரிக்கும்போது இரண்டாவதன் வாசற்படியில் நிற்கிறான். ‘நீங்கள் சொல்வது என்னைத் தொடவில்லை’ என்று காட்டிக்கொள்ள அந்த வயதில் சிரிப்பை விட்டால் வேறு கவசம் கிடையாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ‘எடுத்தான்’ என்பது வினைமுற்று. அது காலம் காட்டும். செயல் நடந்து முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லும். ‘திருடன்’ என்பது பெயர்ச்சொல். பெயர்ச்சொல் காலம் காட்டாது. சென்ற ஆண்டு ஒரு நாள் சில நிமிடங்களில் நடந்து முடிந்த ஒன்றை முடிவே இல்லாத ஒன்றாக மாற்றிவிடும் வேலையை அந்த ஒற்றைப் பெயர் செய்துவிடுகிறது.

உங்கள் வகுப்பறையை நான் பார்த்ததில்லை. ஆனால் காட்சி இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு பேனாவைக் காணவில்லை. ஆசிரியை வாய் திறப்பதற்கு முன்பே முப்பது முகங்கள் கடைசி வரிசையை நோக்கித் திரும்புகின்றன. அவன், யாரும் கேட்காமலே, பையைத் தூக்கி மேசைமீது கவிழ்த்துக் காட்டுகிறான். பேனா பிறகு முதல் வரிசைப் பலகைக்கு அடியில் கிடைக்கிறது. புத்தகங்களை அவன் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துவைப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. இப்படிப் பத்து முறை நடந்த பிறகு, எடுக்காமல் இருப்பதால் தனக்கு என்ன பயன் என்று அவன் கேட்டுக்கொண்டால் நம்மிடம் உடனடி விடை இல்லை.

இடைவேளையிலும் இந்தக் கதை தொடரும். அவன் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று பல பெற்றோர் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த இடம் காலியாகவே இருக்காது. மேல் வகுப்பில் அதே போன்ற பெயரைச் சுமக்கும் இரண்டு மூன்று பையன்கள் அவனை அழைத்துத் தம்மருகே உட்காரவைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மட்டும் அவன்மேல் சந்தேகம் இல்லை, அவனிடம் வெறுப்பும் இல்லை. முத்திரை குத்துவதால் விளையும் பெரிய கேடு இதுதான் என்பது என் கருத்து. அது ஒருவனைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. அவன் பார்த்துப் பழகக்கூடிய ஆட்களின் வட்டத்தையே சுருக்கிவிடுகிறது. ஃபிராங்க் டானன்பாம் 1938-லேயே இதைக் கண்டு, தீமையை ஊரறிய நாடகமாக்குவதுதான் ஒரு சிறுவனை அவனைப் போன்றவர்களின் கூட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது என்று எழுதினார்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு இரண்டு சான்றுகள். 1961-இல் தென் லண்டனில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர் 411 பேரைத் தேர்ந்து, அவர்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. டொனால்ட் வெஸ்ட் தொடங்கியதை டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்து நடத்தினார். பிடிபடாத தவறுகளையும் சேர்த்து அச்சிறுவர்கள் தாமே இரகசியமாகச் சொன்ன கணக்கை வைத்து, பதினான்கு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் தண்டனை பெற்றவர்களை, அதுவரை அவர்களைப் போலவே நடந்துவந்தும் தண்டனை பெறாதவர்களோடு ஃபாரிங்டன் ஒப்பிட்டார். தண்டனை பெற்றவர்களின் தவறுகள் அதன் பிறகு கூடியிருந்தன. இரண்டாவது சான்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே நீதிபதி விரும்பினால், குற்றம் செய்தவரைக் ‘குற்றவாளி’ என்று முறைப்படி அறிவிக்காமலே கண்காணிப்பில் வைக்கலாம். ஏறத்தாழ 96,000 பேரின் பதிவுகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு, முறைப்படி குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவர்களே இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் குற்றம் செய்து தண்டனை பெறும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. அவனை அறிவுரை சொல்லித் திருத்த முற்படுவதற்கு முன், அவன் பக்கத்து இருக்கையில் யாரை உட்காரவைப்பது என்று யோசியுங்கள். வகுப்பிலேயே மிகவும் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவனை வேண்டாம். அவன் பயந்துகொண்டே உட்காருவான். எல்லோரோடும் இயல்பாகப் பழகக்கூடிய, சற்றுக் குறும்புக்காரப் பிள்ளையே பொருத்தம்.

கேள்வி: என் அண்ணன் திருட்டு வழக்கில் சிறைக்குப் போனவர். அவருடைய இரு பிள்ளைகளையும் அத்தையாகிய நான்தான் வளர்க்கிறேன். மூத்தவன் பதினேழு வயதில் இரண்டு முறை காவல் நிலையம் போய் வந்துவிட்டான். இளையவனுக்குப் பதின்மூன்று, அடுத்தவர் பொருளைத் தொடமாட்டான். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்கிறார்கள். அப்படியென்றால் ஒருவன் மட்டும் ஏன் வேறாக இருக்கிறான்?

பதில்: மேலே சொன்ன அதே லண்டன் ஆய்வில் உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் பல உண்டு. தந்தை தண்டனை பெற்றவராக இருந்த பிள்ளைகளில் 63 விழுக்காட்டினர் பின்னாளில் தாமும் தண்டனை பெற்றார்கள். மற்றப் பிள்ளைகளில் 30 விழுக்காடு. மொத்தத் தண்டனைகளில் பாதி, நூற்றுக்கு ஆறுக்கும் குறைவான குடும்பங்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பழமொழியை மெய்ப்பிப்பதாக இவ்வெண்களைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். நான் மீதி 37 விழுக்காட்டைப் பார்க்கச் சொல்வேன். தந்தை தண்டனை பெற்றவர்தான். ஆயினும் பத்தில் நான்கு பிள்ளைகள் அந்தப் பாதையில் போகவில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. தண்டனை பெற்ற தந்தையர் தம் பிள்ளைகளுக்குத் திருட்டைக் கற்றுக்கொடுத்ததாக எந்த அடையாளமும் இல்லை. பிள்ளை தவறு செய்தபோது அவர்களே கடுமையாகக் கண்டித்தார்கள். அப்படியானால் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது எதை? தந்தை சொன்னதை விட்டுவிட்டு, தந்தை வாழ்ந்ததை எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு விடை. ‘அவர் மகன்தானே’ என்று காவல் துறையும் அக்கம்பக்கமும் முன்கூட்டியே அவர்கள்மேல் கண் வைத்திருந்ததால் எளிதில் பிடிபட்டார்கள் என்பது இன்னொரு விடை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

டேனியல் கிளேசர் 1956-இல் சொன்ன ஒரு கருத்து உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. எட்வின் சதர்லாந்து என்ற குற்றவியலாளர், குற்றமும் மற்ற எந்தப் பழக்கத்தையும் போல நெருங்கியவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவதே என்று அதற்கு முன்பு நிலைநாட்டியிருந்தார். கிளேசர் அதில் ஒரு திருத்தம் செய்தார். பக்கத்தில் இருப்பவர் யார் என்பதைவிட, ஒருவன் மனத்துக்குள் யாருடைய கண்களால் தன்னைப் பார்த்துக்கொள்கிறான் என்பதே முக்கியம் என்றார். அந்த ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. உயிரோடு இருக்கவேண்டும் என்பதும் இல்லை.

உங்கள் அண்ணன் சிறைக்குப் போனபோது மூத்தவனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவின் தோளில் ஏறி ஊர் சுற்றிய நினைவு அவனுக்கு இருக்கலாம். அவர் சிரித்தது, அவரைக் கண்டு மற்றவர்கள் பயந்தது எல்லாம் அவன் மனத்தில் பதிந்திருக்கலாம். இளையவனுக்கு அப்பா என்பது காலியாகக் கிடந்த ஓர் இடமாக மட்டுமே இருந்திருக்கக்கூடும். அந்த இடத்தில் வேறு யாராவது வந்து நிற்க முடிந்திருக்கும். ஒரே வீடு என்று நாம் சொல்வது கூரையை வைத்துத்தான். இரண்டு பிள்ளைகள் ஒருபோதும் ஒரே வீட்டில் வளர்வதில்லை.

பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73-ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், சிறு வயதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் குறைந்திருந்த பிள்ளைகள் 32 வயதுக்குள் தண்டனை பெற்றிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் இந்தக் குணம் தனியாக வேலை செய்வதில்லை. பொறுமையற்ற பிள்ளை யோசிக்காமல் செய்கிறான், ஒளிக்கத் தெரியாமல் பிடிபடுகிறான், அதனால் பெயர் அவனுக்கு முதலில் வந்து சேர்கிறது. அதே தவறை நிதானக்காரத் தம்பியும் ஒருமுறை செய்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஒரு வேண்டுகோள். ‘அப்பன் புத்தி’ என்ற சொல் உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து வந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். மூத்தவனுக்கு அது வசை என்று நினைத்துச் சொல்கிறார்கள். அப்பாவை நேசிக்கும் பிள்ளைக்கு அது பாராட்டாகவும் கேட்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். வன்முறை நாயகர்களைத் திரையில் பார்த்துத்தான் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று என் அப்பா அடிக்கடி சொல்கிறார். அதே படங்களைப் பார்க்கும் நான் யாரையும் அடித்ததில்லையே?

பதில்: அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்; அடிக்கவில்லை. இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டியவர் ஆல்பர்ட் பண்டூரா. 1961-இல் அவரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் கண்முன்னே, காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், தூக்கி எறிந்தார். இரண்டாம் பிரிவினர் அமைதியாக விளையாடும் பெரியவரைப் பார்த்தார்கள். மூன்றாம் பிரிவினர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு தனியே விடப்பட்டபோது, அடித்தவரைப் பார்த்த குழந்தைகள் அவர் செய்ததைச் சொல் மாறாமல், கை மாறாமல் செய்தார்கள். ஆண் பிள்ளைகளிடம் அடிதடி கூடுதலாக இருந்தது. அதிலும் ஆண் ஒருவர் அடிப்பதைப் பார்த்தபோது இன்னும் கூடியது.

எனக்கு இதைவிட 1965-இல் பண்டூரா வெளியிட்ட சோதனை முக்கியமானதாகப் படுகிறது. அதில் குழந்தைகள் படமாகப் பார்த்தார்கள். சிலர் பார்த்த படத்தின் முடிவில் அடித்தவருக்குப் பரிசு. சிலர் பார்த்ததில் தண்டனை. மற்றவர்களுக்கு முடிவு இரண்டுமில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். இதோடு விட்டிருந்தால், தண்டனையைக் காட்டினால் போதும் என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் அடுத்து, படத்தில் பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு தருவோம் என்றவுடன் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். பாடம் எல்லோர் தலையிலும் ஏறித்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கலாமா என்பதைத்தான், தனக்கு என்ன நேரும் என்ற கணக்கு தீர்மானித்தது.

அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். நீங்கள் ஒருவரை அடித்தால் கல்லூரி போகும், நண்பர்கள் போவார்கள், அப்பா தலைகுனிவார். ஏற்கெனவே ‘ரவுடி’ என்று பெயர் வாங்கியவனுக்கு இழக்க அவ்வளவு இல்லை. சில இடங்களில் அடிப்பதால் அவனுக்கு மதிப்பே கூடும். படம் ஒன்றுதான், பார்ப்பவர் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: பொம்மையை அடிப்பது மனிதனை அடிப்பதற்குச் சமம் ஆகாது என்று இந்தச் சோதனைகளைக் குறைகூறியவர்களும் உண்டு, அந்தக் குறையில் நியாயமும் உண்டு.

கேள்வி: பெயரே ஒருவனின் குணத்தை மாற்றும் என்பது மூடநம்பிக்கைதானே?

பதில்: எண்கணிதப்படி எழுத்தைக் கூட்டிக் குறைப்பது பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், ஆம். ஆனால் பிறர் அப்பெயரிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது வேறு சங்கதி. இன்றைய கானாவில் வாழும் அசாந்தி மக்கள் பிள்ளைக்குப் பிறந்த கிழமையின் பெயரை வைப்பார்கள். திங்கட்கிழமைப் பிள்ளை அமைதியானவன், புதன்கிழமைப் பிள்ளை முரடன் என்பது அவர்களிடையே நிலவிய நம்பிக்கை. உளவியலாளர் குஸ்தாவ் ஜஹோதா 1954-இல் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டியபோது, வன்முறை வழக்குகளில் புதன்கிழமைப் பையன்கள் 22 விழுக்காடும் திங்கட்கிழமைப் பையன்கள் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தார்கள். கிழமைக்கு வலிமை கிடையாது. ‘நீ புதன்கிழமைக்காரன், அப்படித்தான் இருப்பாய்’ என்று பிறந்தது முதல் கேட்டு வளர்வதற்கு வலிமை இருந்திருக்கலாம். பெயரைக் கேட்டதுமே சந்தேகப்பட்டு வழக்குப் போட்டிருக்கவும் கூடும். பதிவேட்டை மட்டும் வைத்து இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாது.

கேள்வி: முப்பது ஆண்டுகள் காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முத்திரை, முன்மாதிரி என்று எழுதுகிறீர்கள். முதலில் குற்றம் செய்கிறான், பிறகுதான் பெயர் வருகிறது. குற்றவாளிக்குச் சாக்குத் தேடித் தருவதுதானே இது?

பதில்: உங்கள் கேள்வியின் முதற்பாதி முற்றிலும் சரி. முதல் திருட்டு ஏன் நடந்தது என்பதற்கு, பிறர் சூட்டும் பெயரே ஒருவனை மாற்றுகிறது என்னும் முத்திரைக் கோட்பாட்டிடம் விடை இல்லை. ஒருவரும் கண்டுபிடிக்காமல் பல ஆண்டுகள் பணத்தைச் சுருட்டும் கணக்காளருக்கு எந்தப் பெயரும் சூட்டப்பட்டதில்லை. ஆனாலும் அவர் தொடர்கிறார். பிடிபட்ட அவமானத்தால் திருந்திவிட்டவர்களையும் உங்கள் பணிக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். ஃபுளோரிடா ஆய்விலும் முத்திரையின் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை. முப்பது வயது வரை எந்தத் தண்டனையும் பெறாமல் வந்தவர்களையே அது கூடுதலாகத் தாக்கியது. நல்ல பெயர் இருந்தவருக்குத்தானே அதை இழப்பது பெரிய இழப்பு.

இரண்டாவது பாதியில் உங்களோடு உடன்பட முடியவில்லை. வில்லியம் சாம்ப்ளிஸ் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உங்களைப் போன்ற அனுபவசாலிகள் படிக்கவேண்டும். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் இரண்டு பையன் கூட்டங்களை அவர் இரண்டு ஆண்டுகள் கவனித்தார். வசதியான வீட்டுப் பையன்கள் எட்டுப் பேர். வசதியற்ற வீட்டுப் பையன்கள் ஆறு பேர். முதல் கூட்டத்துக்குப் ‘புனிதர்கள்’ என்றும் இரண்டாவதற்கு ‘முரடர்கள்’ என்றும் பெயரிட்டார். புனிதர்கள் வகுப்புக்கு மட்டம் போட்டார்கள், குடித்துவிட்டுக் கார் ஓட்டினார்கள், சாலைப் பள்ளத்தைச் சுற்றி வைத்திருந்த தடுப்புகளை அகற்றிவிட்டு, வருகிற வண்டிகள் பள்ளத்தில் விழுவதை ஒளிந்திருந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிடம் கார் இருந்ததால் இதையெல்லாம் ஊருக்கு வெளியே போய்ச் செய்ய முடிந்தது. காவலர் நிறுத்தினால் பணிவாகப் பேசினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. முரடர்கள் தெருமுனையில், எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றார்கள். காவலரிடம் முறைத்துப் பேசினார்கள். திரும்பத் திரும்பப் பிடிபட்டார்கள். யார் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இரு கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பிற்காலத்தில் புனிதர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் கல்லூரிக்குப் போனார்கள். முரடர்களில் இருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அந்த ஆறு பேரில் வேறு இருவர் அமெரிக்கக் கால்பந்தாட்டத் திறமையால் உதவித்தொகை பெற்றுக் கல்லூரிக்குச் சென்று, பிறகு ஆசிரியர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள் என்பதையும் சாம்ப்ளிஸ் பதிவு செய்திருக்கிறார். அதே தெரு, அதே முத்திரை. ஆனால் ஆட்டக்காரன் என்ற இன்னொரு பெயரும், நாள்தோறும் அவர்களோடு நின்று பழக்கிய ஒரு பயிற்சியாளரும் அவர்களுக்குக் கிடைத்தார்கள். சாக்குத் தேடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தண்டனை தேவைப்படும் இடத்தில் தண்டியுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன் யாருடைய பக்கத்தில் போய் நிற்பான் என்பதையும் அதே கோப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வழிதவறும் மாணவர்கள் சிலரைச் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்று, கைதிகளை வைத்தே அவர்களுக்குப் பயம் காட்டலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் யோசனை வந்திருக்கிறது. உங்கள் கருத்து?

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சிறையொன்றில் ஆயுள் கைதிகள் 1970-களில் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அதைப் பற்றிய ஆவணப்படம் பெரும் புகழ் பெற்றதால் வேறு பல இடங்களும் பின்பற்றின. பின்னர், இவ்வகைத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த ஒன்பது ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளே பிற்பாடு கூடுதலாகக் குற்றம் செய்தது தெரிந்தது. எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பேருந்தில் ஏற்றுவதற்காக ஒரு பட்டியல் போடுகிறீர்கள். அந்தப் பட்டியலே முத்திரை. போகும் வழியெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று வரை அறிமுகமற்றவர்கள் இன்று கூட்டாளிகள். உள்ளே உரத்த குரலில் மிரட்டும் கைதியைப் பார்த்து மூன்று பேர் பயந்தால், நான்காமவன் வியக்கிறான்.

ஒன்றுசேர்த்து வைப்பதன் ஆபத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் படம்பிடித்தே காட்டினார். பதின்ம வயதுப் பையனையும் அவன் நண்பனையும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டு, அதைப் பதிவு செய்தார்கள். எதைப் பேசும்போது சிரிப்பு எழுகிறது என்று எண்ணினார்கள். சில இணைகளில் பள்ளி, விளையாட்டு என்று எதைப் பேசினாலும் சிரிப்பு வந்தது. சில இணைகளிலோ விதிமீறலைப் பற்றி ஒருவன் சொன்னால்தான் மற்றவன் சிரித்தான். வேறு பேச்சு எடுபடவில்லை. இந்த இரண்டாம் வகைப் பையன்களே பின்னர் கூடுதலாகக் குற்றங்களில் இறங்கினார்கள். முன்மாதிரி என்றால் நாம் பெரிய ஆளைத் தேடுகிறோம். பதினான்கு வயதில் பக்கத்தில் இருப்பவனின் சிரிப்பே போதுமானது.

1939-இல் பாஸ்டன் அருகே சிறுவர்கள் 506 பேரை வைத்துத் தொடங்கிய ஒரு நல்லெண்ணத் திட்டமும் இதே பாடத்தைத்தான் தந்தது. பாதிப் பேருக்கு ஆலோசகர், மருத்துவம், படிப்புதவி, கோடைமுகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தபோது, உதவி பெற்றவர்களே சில வகைகளில் மோசமான நிலையில் இருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம்தான் அந்தக் கேடு பெரிதும் காணப்பட்டது என்பது பிறகு தெரியவந்தது.

கேள்வி: ஐயா, நான் சிறையில் இருந்து வெளியே வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேலை கேட்டுப் போகும் இடங்களில் உண்மையைச் சொன்னால் அனுப்பிவிடுகிறார்கள். இப்போது ஒரு பட்டறையில் இருக்கிறேன். முதலாளிக்கு மட்டும் தெரியும். எனக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். நான் சிறையில் இருந்ததை அவனிடம் சொல்லலாமா? சொன்னால் என்னைப் போல ஆகிவிடுவானா?

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் கடைசியில் எழுதவேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

வேலை விஷயத்தில் நீங்கள் உணர்வது உங்கள் மனப்பிரமை இல்லை. டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் படிப்பிலும் தோற்றத்திலும் ஒத்த இளைஞர்களை இணை இணையாக வேலை கேட்டு அனுப்பினார். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் சிறை சென்றவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். வெள்ளையர்களில் சிறைப் பதிவு இல்லாதவரை 34 விழுக்காடு நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. சிறைப் பதிவு உள்ளவரை 17 விழுக்காடு. கறுப்பின இளைஞர்களில் அது 14, 5 என்று இருந்தது. சிறைக்கே போகாத கறுப்பினத்தவருக்குச் சிறை சென்ற வெள்ளையரைவிடக் குறைவான அழைப்பு வந்தது என்பதைக் கவனியுங்கள்; சிலர் மீது முத்திரை பிறப்பிலேயே குத்தப்பட்டுவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று சட்டம் வந்த இடங்களில்கூடச் சில முதலாளிகள், தகவல் தெரியாதபோது தோலின் நிறத்தை வைத்து ஊகிக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே உண்மை தெரிந்த ஒரு முதலாளி உங்களுக்கு இருப்பது சிறிய சங்கதி இல்லை. பாஸ்டன் பகுதியிலிருந்து சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 பையன்களின் வாழ்க்கையை ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் முதுமை வரை தொடர்ந்து பார்த்தபோது, அவர்களைத் திருப்பிய திருப்பங்களில் நிலையான வேலையும் நல்ல மண வாழ்க்கையும் முன்னால் நின்றன. கூலியின் அளவைவிட, காலையில் ‘ஏன் தாமதம்?’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பதும், பழைய கூட்டாளிகளோடு நிற்க நேரம் இல்லாமற்போவதும் அதில் முக்கியமாக இருந்தன. லிவர்பூலில் ஷாட் மருனா, குற்றத்தை விட்டவர்களையும் விடாதவர்களையும் உட்காரவைத்து அவர்களுடைய வாழ்க்கைக் கதையைக் கேட்டார். இரு சாராரின் பின்னணியும் ஏறக்குறைய ஒன்றே. விடாதவர்கள், தம் விதி எப்போதோ எழுதப்பட்டுவிட்டது என்று பேசினார்கள். விட்டவர்கள், அந்த நாட்களில் செய்ததெல்லாம் தாம்தான் என்றாலும் தம்முடைய இயல்பு அதுவல்ல என்றும், தாமே நம்பாதபோது தம்மை நம்பிய ஓர் ஆள் இருந்தார் என்றும் சொன்னார்கள்.

மகனிடம் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் என்றைக்காவது பள்ளியிலோ தெருவிலோ ஒருவன் சொல்வான். அவன் வாயிலிருந்து அது பெயர்ச்சொல்லாகத்தான் வரும். உங்கள் வாயிலிருந்து வந்தால் அது வினைச்சொல்லாக, இறந்த காலத்தில் வரும்: ‘நான் ஒரு தவறு செய்தேன், அதற்காக உள்ளே இருந்தேன், இப்போது பட்டறைக்குப் போகிறேன்.’ ஏழு வயதுக்கு இதற்கு மேல் விவரம் தேவையில்லை. செய்ததைச் சாகசமாகவும் சொல்லவேண்டாம், கதறி அழுதும் சொல்லவேண்டாம். நேரம் கிடைக்கும் நாளில் அவனைப் பட்டறைக்கு அழைத்துப் போய், நீங்கள் வேலை செய்யும் இடத்தைக் காட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் சொல்லுங்கள். அவன் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக, ‘அங்கே உங்களை அடித்தார்களா அப்பா?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கும் உண்மையையே சொல்லுங்கள்.